படம் அப்படியே இருக்கிறது, எழுத்து மட்டும் நகர்கிறது: வரைபடங்களை லேடெக்குக்குக் கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் பம்ப்செட், ஸ்டார்ட்டர், வெட் கிரைண்டர் செய்யும் கம்பெனிகளுக்குத் தமிழில் கையேடு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். சில வருடங்களுக்கு முன், கணபதி பக்கத்தில் ஒரு கம்பெனிக்காக சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் மோட்டாரின் பேனல் வயரிங் படத்தை வரைந்தேன். வரிசையாக மூன்று டெர்மினல். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ரன், ஸ்டார்ட், காமன் என்று பெயர். என் திரையில் எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. ப்ரூஃப் தாளைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். சர்வீஸ் பார்க்கும் அண்ணன் ஒருவர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இந்த ஸ்டார்ட்டுங்கறது நடுவுல இருக்கற டெர்மினலுக்குங்களா, கடைசில இருக்கறதுக்குங்களா?" என்று கேட்டார்.

தாளில் 'ஸ்டார்ட்' என்ற சொல் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் பக்கம் போர் 800 அடி, 1,000 அடி என்று போகிறது. வயரை மாற்றிக் கொடுத்து வைண்டிங் கருகிவிட்டால், வண்டியைக் கூப்பிட்டு, குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுக்க வேண்டும். அதற்குள் வாழை வாடிவிடும். படத்தில் ஒரு லேபிள் சில மில்லிமீட்டர் தள்ளிப் போனால் தோட்டத்தில் அதற்கு இவ்வளவு விலை. அதனால்தான் இந்த விஷயத்தை நான் சின்னதாக நினைப்பதில்லை. அன்றைக்குப் பிறகு கற்றுக்கொண்டதையெல்லாம் வரிசையாக இங்கே எழுதுகிறேன். நான் படம் வரைவது இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில், பக்கம் கோப்பது கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக்கில். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எழுத்து ஏன் நகர்கிறது

வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டுகிறோம். ஆணி காலண்டரின் நடுவில் இருந்தால், அடுத்த வருடம் இன்னும் அகலமான காலண்டர் வந்தாலும் இரண்டு பக்கமும் சமமாக விரியும். ஆணி இடது மூலையில் இருந்தால், கூடுதல் அகலம் முழுவதும் வலது பக்கம் போகும். வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் அப்படி ஓர் ஆணி உண்டு. அதைத்தான் ஆங்கர் என்கிறார்கள். இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பில் ஆணிக்கு மூன்று இடம்தான்: எழுத்தின் தொடக்கம், நடு, முடிவு. படத்தை வெளியே அனுப்பும்போது மென்பொருள் அனுப்புவது ஆணி இருக்கும் இடத்தையும், அது எழுத்தின் எந்தப் பகுதியில் அடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும்தான். எழுத்தின் அகலத்தை அனுப்புவதில்லை. அதை அச்சுக் கோக்கும் மென்பொருள், தன்னிடம் இருக்கும் எழுத்துருவை வைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இங்க்ஸ்கேப்பில் எழுத்துக் கருவியை எடுத்து ஒரு இடத்தில் சொடுக்கித் தட்டச்சு செய்தால் ஆணி இயல்பாகவே இடது மூலையில் விழும். பிறகு அந்தச் சொல்லை மவுஸால் இழுத்து, கண் அளவில் டெர்மினலுக்கு நேர் நடுவில் வைக்கிறோம். பார்க்க நடுவில் இருக்கிறது. ஆனால் ஆணி இன்னும் இடது மூலையில்தான் இருக்கிறது. என் படத்தில் நடந்தது இதுதான்.

அதோடு இன்னொரு தப்பும் சேர்ந்துகொண்டது. படத்தை 180 மி.மீ. அகலத்துக்கு வரைந்திருந்தேன். கையேடு ஏ5 அளவு, 148 மி.மீ. தாளில் இரண்டு பக்கமும் 18 மி.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 112 மி.மீ. ஆக, படம் 62 சதவீதமாகச் சுருங்கியது. கோடுகள் சுருங்கின, டெர்மினல்கள் சுருங்கின, எழுத்து மட்டும் சுருங்கவில்லை! இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப்பும் லேடெக்கும் சேர்த்து எடுக்கும் முறையில் எழுத்தளவு படத்தோடு போகாது. புத்தகத்தில் அந்த இடத்தில் என்ன அளவு நடப்பில் இருக்கிறதோ அதுதான் லேபிளுக்கும் வரும்.

கணக்கைப் பாருங்கள். டெர்மினல்களுக்கு நடுவே இருந்த 12 மி.மீ. இடைவெளி 7.5 ஆனது. 'ஸ்டார்ட்' என் திரையில் 9 மி.மீ.; அதாவது டெர்மினலுக்கு இடப்பக்கம் 4.5, வலப்பக்கம் 4.5. சுருங்கியதும் ஆணி டெர்மினலுக்கு 2.8 மி.மீ. இடப்பக்கம் வந்து நின்றது. புத்தகத்தின் எழுத்துருவில் அந்தச் சொல்லின் அகலம் 11 மி.மீ. அதில் 2.8 போக மிச்சம் 8.2 மி.மீ. முழுவதும் வலப்பக்கம். அடுத்த டெர்மினலே 7.5-இல் இருக்கிறது. அந்த அண்ணன் கேட்டதில் தப்பே இல்லை.

முதலில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

எழுத்தைக் கொண்டுபோக மூன்று பாதை உண்டு. ஒன்று, எழுத்தையே கோட்டுருவமாக மாற்றிவிடுவது. இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. கோரல் டிராவில் கன்ட்ரோல், கியூ. மாற்றியபின் எதுவும் நகராது. ஆனால் பிறகு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தவும் முடியாது, பிடிஎஃப்பில் தேடவும் முடியாது. நாளைக் காலையில் அச்சு என்று அவசரமாக இருந்தால் செய்யுங்கள், அசல் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு. கைக்கு ஒரே பிரதியை வைத்துக்கொண்டு அதையே கோட்டுருவமாக்கிவிட்டுத் தவிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டு, எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள் பொதிந்து அனுப்புவது. இன்டிசைனில் பக்கம் கோப்பவர்களுக்கு இதுவே போதும். எழுத்து இடம் மாறாது. ஆனால் படத்தைச் சுருக்கினால் எழுத்தும் சுருங்கும். ஒரு பக்கத்தில் 6 பாயின்ட், அடுத்த பக்கத்தில் 9 பாயின்ட் என்று கையேடு கந்தலாகத் தெரியும்.

மூன்றாவது, எழுத்தைத் தனியே பிரித்து லேடெக்கிடம் ஒப்படைப்பது. பிடிஎஃப்பில் கோடுகள் மட்டும் இருக்கும். கூடவே பிடிஎஃப்_டெக் என்ற முடிவோடு இன்னொரு கோப்பு வரும். எந்த எழுத்து எந்த இடத்தில் என்ற விவரம் அதில் இருக்கும். 40 படம் உள்ள கையேட்டில் எல்லா லேபிளும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில் வரவேண்டுமானால் இதற்கு ஈடு வேறில்லை. நகரும் தொல்லை வருவதும் இதில்தான். இனி வருவதெல்லாம் இந்தப் பாதைக்கானது.

படி 1: யூனிகோடா என்று பாருங்கள்

கம்பெனிகளில் இருந்து வரும் பழைய படங்களில் பாதிக்குமேல் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு மாறிய அடுத்த நொடி அவை வெளியே வந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு லேபிளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக நின்றால் யூனிகோடு. இல்லாவிட்டால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் படியுங்கள். கொ, கோ, கௌ வரிசையில்தான் மாற்றிகள் அதிகம் தடுமாறும்.

வாட்ஸ்அப்பில் வந்த சொல்லை அப்படியே ஒட்டினால் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. நடுவில் ஆணி அடித்த லேபிளில் இது தெரியாமல் வேலை செய்யும்: இங்க்ஸ்கேப் அந்த வெற்றிடத்தையும் அகலத்தில் சேர்த்து நடுவைப் பார்க்கும், லேடெக் அதைத் தள்ளிவிட்டுப் பார்க்கும். அரை வெற்றிட அளவுக்கு எழுத்து விலகும். எங்கே தப்பு என்று மணிக்கணக்கில் தேட வைக்கிற தொல்லை இது.

படி 2: அச்சாகும் அளவிலேயே வரையுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே முக்கால்வாசித் தொல்லை தீர்ந்துவிடும். புத்தகத்தில் எழுத்துப் பரப்பின் அகலம் 112 மி.மீ. என்றால், இங்க்ஸ்கேப்பில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ் போய்ப் பக்க அகலத்தையும் 112 மி.மீ. ஆக்கிவிட்டு வரையத் தொடங்குங்கள். திரையில் சின்னதாக இருக்கிறதே என்று தோன்றினால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். தாள் அளவை மாற்றாதீர்கள்.

பழைய கோப்புகளைத் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்க்ஸ்கேப் 0.92-க்கு முந்தைய பதிப்புகள் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கு வைத்திருந்தன. 2017 தொடக்கத்தில் வந்த 0.92-இலிருந்து அது 96. பழைய கோப்பைத் திறக்கும்போது அளவைச் சரிசெய்யட்டுமா என்று கேட்கும். யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பிக்சலில் வரைந்த 150 மி.மீ. படம் 140.6 ஆகிவிடும். அதே மாதிரி லேடெக்குக்கு அடிப்படையான டெக்கின் பாயின்டும் பிடிஎஃப்பின் பாயின்டும் ஒன்றல்ல: டெக்கில் அங்குலத்துக்கு 72.27, பிடிஎஃப்பில் 72. படத்தின் அகலத்தைப் பாயின்டில் எழுதிக் கொடுத்தால் 160 மி.மீ. படத்தில் 0.6 மி.மீ. வித்தியாசம் வரும். அகலத்தை எப்போதும் மில்லிமீட்டரில் எழுதுங்கள், பிரச்சினையே வராது.

படி 3: ஒரே எழுத்துரு, ஒரே அளவு

புத்தகம் நோட்டோ செரிஃப் தமிழில் என்றால் படமும் அதிலேயே வரையப்பட வேண்டும். 10 பாயின்ட் புத்தகத்தில் ஃபுட்நோட்சைஸ் என்ற கட்டளை 8 பாயின்ட் தரும். ஆகவே இங்க்ஸ்கேப்பில் எல்லா லேபிளையும் 8 பாயின்டில் வைத்துக்கொண்டு, லேடெக்கில் படத்தைக் கூப்பிடுவதற்கு முன் அந்தக் கட்டளையைப் போட்டுவிடுகிறேன். திரையில் பார்ப்பதும் தாளில் வருவதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஒரே படத்தில் தலைப்பு பெரிதாகவும் குறிப்பு சிறிதாகவும் வேண்டுமானால், அளவுக் கட்டளையை அந்த லேபிளுக்குள்ளேயே எழுத வேண்டும். இங்க்ஸ்கேப்பில் அளவை மாற்றி வைப்பதால் பயன் இல்லை.

தமிழுக்கு லேடெக்கைப் பொறுத்தவரை ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்தான். பழைய பிடிஎஃப்லேடெக்கால் உயிர்மெய்களைச் சரியாகச் சேர்க்க முடியாது. ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துருவை அறிவிக்கும்போது ஸ்கிரிப்ட் என்பதற்குத் தமிழ் என்று மறக்காமல் கொடுங்கள். லுவாலேடெக் என்றால் ரெண்டரர் என்பதற்கு ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்றும் கொடுக்க வேண்டும். இவை விட்டுப்போனால் கெ, கொ போன்றவற்றின் கொம்பு தப்பான இடத்தில் விழும். எழுத்தே தப்பாக இருக்கும்போது அதன் அகலம் மட்டும் சரியாகவா வரும்?

படி 4: ஆணியை அடியுங்கள்

இப்போது முக்கியமான வேலை. படத்தில் இருக்கும் ஒவ்வொரு லேபிளையும் பார்த்து, இது எதைச் சார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். டெர்மினலுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பெயர் அந்த டெர்மினலின் நடுவைச் சார்ந்தது, ஆணி நடுவில். பெட்டிக்குள் இருக்கும் 'ரன் கெப்பாசிட்டர்', 'ரிலே' போன்றவையும் நடுவில். அம்புக்குறி வலப்பக்கம் போய் அதன் நுனியில் தொடங்கும் விளக்கம் என்றால் ஆணி இடது முனையில். அம்பு இடப்பக்கம் வந்து முடிந்தால் வலது முனையில். பம்பின் ஹெட், டிஸ்சார்ஜ் வரைபடத்தில் செங்குத்து அச்சின் 10, 20, 100 என்ற எண்களுக்கு வலது முனையில். அப்போதுதான் இலக்கம் கூடினாலும் அச்சைத் தொடாது. அதே அச்சில் செங்குத்தாகத் திருப்பி எழுதும் 'ஹெட், மீட்டரில்' என்பதற்கு நடுவில்.

இங்க்ஸ்கேப்பில் எழுத்துக் கருவி திறந்திருக்கும்போது மேல்பட்டையில் இடது, நடு, வலது பொத்தான்கள் இருக்கும். லேபிளைத் தேர்ந்தெடுத்து நடு என்று மாற்றினால் எழுத்து நகராது. ஆணி மட்டும் நகரும். ஏற்கெனவே கண் அளவில் வைத்த படத்தைச் சரிசெய்ய இது பெரிய வசதி. ஆனால் கண் அளவு கண் அளவுதான். பிறகு அலைன் அண்ட் டிஸ்ட்ரிப்யூட் பலகையைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூலம் திறந்து, லேபிளை அதன் டெர்மினலோடு சேர்த்து நடுவில் நிறுத்துங்கள்.

இது கிடைமட்டத்துக்கு. செங்குத்துக்கு இதே வழியைப் பின்பற்றக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், இது தமிழுக்கென்றே இருக்கும் சிக்கல். இங்க்ஸ்கேப் ஒரு எழுத்தின் நடுவைக் கணக்கிடும்போது மை படும் பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு அதன் நடுவைப் பார்க்கும். 'ரன்' என்பதில் ன் மேல் புள்ளி இருக்கிறது, கட்டம் மேலே உயரும். 'குழு' என்பதில் கு, ழு இரண்டும் கீழே இறங்கும், கட்டம் கீழே இழுபடும். 'காமன்' வேறு, 'மூடி' வேறு. நான்கு பெட்டியில் நான்கு சொல்லைக் கட்ட நடுவை வைத்து நிறுத்தினால், நான்கும் நான்கு உயரத்தில் ஏறி இறங்கி நிற்கும். ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே லேபிள் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்காது. வழி என்னவென்றால், ஒரே வரிசையில் இருக்கும் லேபிள்களை எழுத்தின் அடிக்கோட்டை வைத்து நிறுத்துவது. அதே பலகையில் எழுத்துகளின் பேஸ்லைன் ஆங்கரை வைத்து ஒழுங்குபடுத்தத் தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. லேபிளைத் தேர்ந்தெடுத்தால் அடிக்கோட்டில் ஒரு சின்னச் சதுரம் தெரியும், அதுதான் ஆணி.

படி 5: எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் குப்பையை எடுங்கள்

எழுத்துகளுக்கு நடுவே கையால் இடைவெளி கூட்டிக் குறைத்திருந்தால் டெக்ஸ்ட் மெனுவில் ரிமூவ் மேனுவல் கெர்ன்ஸ் கொடுத்துவிடுங்கள். அந்த இடைவெளி லேடெக்குக்குப் போகாது. திரையில் மட்டும் உங்களை ஏமாற்றும்.

எழுத்துக் கருவியால் சொடுக்காமல் இழுத்து ஒரு பெட்டி போட்டு எழுதினால் அது ஓடும் எழுத்து. பெட்டி அகலத்துக்குத் தானாக வரி உடையும். எழுத்துரு சற்று மாறினாலும் உடையும் இடம் மாறும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு சொல் கீழே இறங்கினால் படமே குலைந்துவிடும். கன்வர்ட் டு டெக்ஸ்ட் கொடுத்துச் சாதாரண எழுத்தாக்கி, வரியை நீங்களே உடையுங்கள். இரண்டு வரி லேபிளில் ஆணி முதல் வரியின் அடிக்கோட்டில்தான் இருக்கும், மற்ற வரிகள் கீழ்நோக்கி வளரும். பெட்டிக்குள் செங்குத்தாக நடுவில் நிற்க வேண்டிய இரண்டு வரி என்றால் நான் அவற்றை இரண்டு தனி லேபிளாகவே வைத்துவிடுகிறேன்.

அப்புறம், லேடெக்குக்குப் பொருள் உள்ள குறிகள். '80% சுமை' என்று லேபிளில் எழுதினால் % குறிக்குப் பின்னால் அந்த வரியில் உள்ள எல்லாவற்றையும் லேடெக் குறிப்பு என்று நினைத்து விழுங்கிவிடும், மூட வேண்டிய அடைப்புக்குறி உட்பட. 'ரிலே & டைமர்' என்றால் கூடுதல் அலைன்மென்ட் டேப் என்று பிழை காட்டும். #, $, _ மூன்றும் இப்படித்தான். இவற்றுக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போடுங்கள். படத்தில் பார்க்க அசிங்கமாக இருக்கும், தாளில் சரியாக வரும்.

கடைசியாக, எல்லா எழுத்தையும் ஒரே லேயரில் போட்டு எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். எழுத்தும் படமும் மாறிமாறி அடுக்கப்பட்டிருந்தால், அந்த அடுக்கைக் காப்பாற்ற இங்க்ஸ்கேப் படத்தைப் பல பக்கங்களாக உடைத்து எழுதும். சில பதிப்புகளில் அந்தப் பக்க எண்ணிக்கை பிசகி, இல்லாத பக்கத்தைக் கேட்டு லேடெக் நின்றுவிடும். எழுத்து மேலே இருந்தால் ஒரே பக்கம்தான், இந்தப் பேச்சே வராது.

படி 6: வெளியே எடுப்பது

சேவ் அ காப்பி போய்ப் பிடிஎஃப் தேர்ந்தெடுங்கள். வரும் பெட்டியில் எழுத்தைப் பிடிஎஃப்பில் விட்டுவிட்டு லேடெக் கோப்பு உருவாக்கும் தெரிவு மூன்றாவதாக இருக்கும். அதைக் கொடுத்துவிட்டு, வெளியீட்டு அளவு என்ற இடத்தில் பக்க அளவையே வையுங்கள். படத்தின் அளவு என்று கொடுத்தால் ஓரத்தில் இருக்கும் ஒரு லேபிளின் அகலம் மாறினால்கூட மொத்தப் படத்தின் எல்லையும் மாறும். அதை 112 மி.மீ.க்குப் பொருத்தும்போது படம் முழுவதும் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். படி 2-இல் பட்ட பாடு வீணாகிவிடும்.

படம் நிறைய இருந்தால் கட்டளை வரியில் எக்ஸ்போர்ட்-லேடெக் என்ற தெரிவைக் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்கலாம். எஸ்விஜி என்ற லேடெக் தொகுப்பு இதைத் தானாகவே செய்யும். ஆனால் வெளி நிரலை இயக்க ஷெல்-எஸ்கேப் அனுமதி கொடுக்க வேண்டும். நம்பகமான கோப்புகளுக்கு மட்டும் கொடுங்கள்.

படி 7: லேடெக்கில் கூப்பிடுவது

கிராஃபிக்ஸ்எக்ஸ், எக்ஸ்கலர் தொகுப்புகள் முகப்பில் இருக்கட்டும். எஸ்விஜிவிட்த் என்ற பெயருக்கு 112 மி.மீ. என்று மதிப்புக் கொடுத்துவிட்டு, பிடிஎஃப்_டெக் கோப்பை இன்புட் கட்டளையால் கூப்பிடுங்கள். பிடிஎஃப் கோப்பை இன்க்ளூட்கிராஃபிக்ஸ் கொண்டு நேரடியாகக் கூப்பிட்டால் கோடுகள் மட்டும்தான் வரும். எழுத்தே காணோம் என்று பலர் பதறுவது இதனால்தான். படங்கள் தனி ஃபோல்டரில் இருந்தால் இன்புட்டுக்குப் பதில் இம்போர்ட் தொகுப்பைப் பயன்படுத்த வேண்டும். உள்ளே இருக்கும் பிடிஎஃப்பின் பெயருக்கு ஃபோல்டர் பாதை ஒட்டியிருக்காது.

ஏதாவது லேபிள் இன்னும் விலகி நின்றால் பிடிஎஃப்_டெக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். லேபிள் ஒவ்வொன்றும் புட் என்ற கட்டளையோடு தொடங்கும். அடுத்து இரண்டு தசம எண்கள். அவை படத்தின் அகலத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்பவை, 112 மி.மீ. படத்தில் 0.01 என்றால் 1.12 மி.மீ. அதற்குப் பின்னால் டேபுலர் சூழலில் எல், சி, ஆர் என்ற மூன்றில் ஓர் எழுத்து இருக்கும்: இடது, நடு, வலது. நடுவில் இருக்க வேண்டிய லேபிளில் எல் என்று இருந்தால் ஆணியை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்தக் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இதிலேயே திருத்தாதீர்கள். அடுத்த முறை படத்தை எடுக்கும்போது திருத்தம் அழிந்துபோகும். மூலப் படத்தில் திருத்துங்கள்.

வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கு

டிரா டாட் ஐஓ என்ற வரைபடக் கருவியில் வரைந்த படத்தை எஸ்விஜியாக எடுத்து இங்க்ஸ்கேப்பில் திறந்தால், லேபிள்கள் சரியாக வராமல், 'எழுத்து எஸ்விஜி அல்ல, காட்ட முடியாது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வந்து நிற்கும். அந்த மென்பொருள் லேபிளை வலைப்பக்கத் துண்டாக உள்ளே வைப்பதால் வருவது இது. எழுத்துப் பலகையில் ஃபார்மட்டட் டெக்ஸ்ட், வேர்டு ராப் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

லேடெக்குக்குள்ளேயே கட்டளைகளால் படம் வரையும் டிக்ஸ் (TikZ) தொகுப்பில் நேரடியாக வரைபவர்களுக்கு இடம் நகரும் தொல்லை குறைவு, ஏனென்றால் எழுத்தை அளப்பதும் அச்சிடுவதும் ஒரே ஆள். ஆனால் புள்ளி, கொம்பு, சுழி ஏறி இறங்குவது அங்கேயும் உண்டு. நோடு எனப்படும் எழுத்துப் பெட்டிகளுக்கு டெக்ஸ்ட் ஹைட், டெக்ஸ்ட் டெப்த் இரண்டையும் நிலையாகக் கொடுத்துவிட வேண்டும். டிக்ஸ் கையேடுகளில் காணும் எண்கள் ஆங்கில எழுத்துக்கு ஏற்றவை, தமிழுக்குப் போதாது. உங்கள் எழுத்துருவில் 'கீ' எவ்வளவு உயர்கிறது, 'ழூ' எவ்வளவு இறங்குகிறது என்று லேடெக்கையே அளக்கச் சொல்லி, அந்த இரண்டு அளவையும் எல்லா நோடுக்கும் கொடுங்கள்.

பைதானின் மேட்பிளாட்லிப்பில் வரைபடம் போடுகிறவர்கள் பிஜிஎஃப் வழியில் எடுத்தால் எழுத்து வேலை ஸீலேடெக்கிடம் போய்விடும். இன்டிசைன்காரர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

தாளில் சரிபார்ப்பது

திரையை நம்பாதீர்கள். படத்தை இரண்டு விதமாக எடுங்கள்: எழுத்தைக் கோட்டுருவமாக்கிய ஒரு பிடிஎஃப், லேடெக் வழியாக வந்த ஒரு பக்கம். இரண்டையும் சுருக்காமல் நூறு சதவீதத்தில் அச்செடுங்கள். தாளுக்குப் பொருத்து என்ற தெரிவைப் பிரின்டர் பெட்டியில் எடுத்துவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு நேரே பிடித்தால், எந்த எழுத்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று உடனே தெரியும். இடது ஆணி லேபிள் விலகினால் வலது ஓரம் மட்டும் பிசகியிருக்கும். நடு ஆணி என்றால் இரண்டு ஓரமும் சமமாகப் பிசகும். பிசகின விதத்திலிருந்தே காரணம் பிடிபட்டுவிடும்.

அதற்குப் பிறகு, படத்தை வரையாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயரும் எதைக் குறிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் திருத்திய படத்தை அதே அண்ணனிடம் கொண்டுபோனேன். ரன், ஸ்டார்ட், காமன் என்று வரிசையாக விரலை வைத்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எழுத்து இன்னுங் கொஞ்சம் பெருசா இருந்தாத் தேவலைங்க தம்பி. மோட்டார் ரூம்ல ஒத்த பல்புதானுங்க எரியும்" என்றார். கடைக்கு வந்து, ஃபுட்நோட்சைஸ் என்று இருந்ததை ஸ்மால் என்று மாற்றினேன். 8 பாயின்ட் 9 ஆனது. படத்தை மறுபடி தொடவில்லை. மூன்று பெயரும் அதனதன் டெர்மினலுக்கு மேலேயே, இரண்டு பக்கமும் சமமாக விரிந்து நின்றன.